சாராயம் என்னும் சொல்லும் மெத்தனால் என்னும் கரைப்பானும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தொழிலகக் கரைப்பான். அதன் பெயர் மெத்தனால். மொழிக் கழகத்தின் மேடையில் இலக்கணத்தையோ வட்டார வழக்கையோ எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அவை இரண்டும் வரும். இந்த நீர்மத்தின் வழியாகவே வரும். மெத்தனாலின் இயல்புகளை ஆராய்வது வேதியியலார் பணி. அது மக்களிடம் எந்தப் பெயரில் வந்து சேர்கிறது, அந்தப் பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பது மொழியியலார் பணி. தமிழர் நடுவே இக்கரைப்பான் கூட்டங்கூட்டமாக உயிர்களைக் கொண்டுபோன போதெல்லாம் அது தன் சொந்தப் பெயரில் வரவில்லை. 'சாராயம்' என்ற பெயரில் வந்தது.

அண்மை நிகழ்வுகள் சிலவற்றை நினைவுகூர்வோம். 2023 மே மாதத்தில் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் நாட்டில் 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதை அடுத்த பகுதிகளிலும் போலி மதுப்புட்டிகளில் இருந்த மெத்தனால் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுள் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள்.

மரக்காணம் நிகழ்வின்போது தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமையிலிருந்து வெளிவந்த விளக்கம் ஒன்று நம் கருத்தை ஈர்த்தது. தடயவியல் ஆய்வின்படி அங்கே விற்கப்பட்டது கள்ளச்சாராயம் அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் விஷச்சாராயம் என்பது அதன் சாரம். சிலர் இதனைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று கண்டித்தனர். அரசியலை ஒதுக்கிவிட்டுச் சொல்லை மட்டும் பார்த்தால், அது ஒரு பொருட்பாகுபாடு. குற்றத்தின் பெயரை நீக்கி வேதிப்பொருளின் பெயரை இட முயன்ற பாகுபாடு. ஆயினும் அந்த வாக்கியத்தாலும் 'சாராயம்' என்ற சொல்லைக் கைவிட இயலவில்லை. முன்னே 'விஷ' என்ற அடைமொழியைச் சேர்த்து அதே சொல்லுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த நீர்மத்தைப் பார்ப்போம். மெத்தனால் நிறமற்றது, நீரைப் போலத் தெளிந்தது, நீருடன் எந்த அளவிலும் கலக்கும். 64.7 பாகை செல்சியஸில் கொதிக்கும். நாம் பொதுவாகக் குடிவகையில் காணும் எத்தனாலோ 78 பாகையில் கொதிக்கும். இரண்டின் மணமும் ஏறத்தாழ ஒன்று. சுவையிலும் நாவால் பிரித்தறியத்தக்க வேறுபாடு இல்லை. எத்தனாலில் இரண்டு கரி அணுக்கள், மெத்தனாலில் ஒன்று. அவ்வளவே வேறுபாடு.

வார்னிஷ், மெருகெண்ணெய், வண்ணம் நீக்கும் நீர்மம், தின்னர் வகைகள் சில, ஒட்டுப்பலகைப் பசைக்கு வேண்டிய ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றின் பின்னே மெத்தனால் இருக்கிறது. செம்பனை எண்ணெயை உயிரி டீசலாக மாற்றவும் அதுவே வேண்டும். இந்த வட்டாரத்தில் கித்தா மரங்கள் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்பதால் இதுவும் நமக்கு அயல் செய்தி அன்று. லாபுவானில் உள்ள பெட்ரோனாஸ் ஆலைகளின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 20 இலட்சம் டன்னுக்கும் மேல். ஆகவே மெத்தனால் எங்கோ தொலைவில் உள்ள பொருள் என்று எண்ண வேண்டாம். கப்பலிலும் தாங்கி லாரியிலும் நம் சாலைகளிலும் செல்லும் பொருள் அது.

தீயைப் பொறுத்தவரை மெத்தனாலின் தீப்பற்றும் எல்லை ஏறத்தாழ 11 பாகை. அந்த வெப்பத்துக்கு மேலே அதன் ஆவி, ஒரு பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும். சிலிம் ரிவரில் விடியற்காலையிலும் 11 பாகைக்குக் குளிர்வதில்லை. ஆகவே இங்கே திறந்து வைத்த மெத்தனால் ஆண்டு முழுதும், நாள் முழுதும் தீக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. காற்றில் அதன் ஆவி நூற்றுக்கு 6 பங்கு முதல் 36 பங்கு வரை இருந்தால் எரியும். இது மிக அகன்ற எல்லை. இன்னொரு தீய குணமும் உண்டு. அதன் சுடர் மங்கிய நீலம்; புகை கிடையாது; பட்டப்பகலில் கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாது. தீப்பிடித்த கையைத் தீ பிடித்ததென்று சுற்றி நிற்பவர் அறியாமலே இருக்கக்கூடும்.

பெயருக்கு வருவோம். 1661இல் இராபர்ட் பாயில் மரத்தைக் காய்ச்சி வடித்து இந்த நீர்மத்தைப் பிரித்தார். எனவே நெடுங்காலம் அதற்கு 'மரச்சாராயம்' என்ற பொருள்படும் பெயர்களே ஐரோப்பிய மொழிகளில் வழங்கின. 1834ஐ ஒட்டி டூமா, பெலிகோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலார் அதன் கூறுகளை ஆராய்ந்து 'மெத்திலீன்' என்ற சொல்லைப் படைத்தனர். கிரேக்கத்தில் 'மெத்து' என்றால் மது. 'ஹூலே' என்றால் காடு, மரம், மூலப்பொருள். (வெட்டிய மரக்கட்டைக்குக் கிரேக்கர் வழங்கிய சொல் 'க்சூலோன்'. அச்சொல்லே பொருத்தம் என்று கிரேக்கம் அறிந்தோர் பின்னர்க் குறை கூறினர். சைலீன் என்னும் மற்றொரு கரைப்பானின் பெயரில் அச்சொல் இடம்பெற்றுவிட்டது.) 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலார் மாநாடு ஆல்கஹால் வகைகளுக்கெல்லாம் 'ஆல்' என்ற ஈற்றை வகுத்தது. மெத்தனால் என்ற வடிவம் அவ்வாறு அமைந்தது.

இதில் நமக்குச் சுவையான செய்தி, கிரேக்க 'மெத்து'வும் வடமொழி 'மது'வும் ஒரே வேரினவை என்பது. வடமொழி வழியே தமிழுக்கு வந்து நம் சொல்லாகவே ஆகிவிட்ட அந்த 'மது', மெத்தனால் என்ற பெயரின் முதல் அசையில் அமர்ந்திருக்கிறது. 'ஆல்கஹால்' என்பதன் மூலமோ அரபு மொழியில் கண்ணுக்கு இடும் மையைக் குறித்த சொல். நுண்ணிய மைத்தூளைக் குறித்தது, பிறகு எதனினும் பிரித்தெடுத்த நுண்சாரத்தைக் குறித்தது, இறுதியில் மதுவின் சாரத்தில் வந்து நின்றது. கண்மையின் பெயரைச் சுமக்கும் ஒரு பொருள் கண்ணைப் பறிப்பது தற்செயலே. இதில் மறைபொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் அறிவியற் பெயர்களே மதுவோடு உறவு கொண்டாடும்போது ஊர்வழக்கை மட்டும் குறைகூறுவது முறையன்று என்பதற்காக இதைச் சொன்னோம்.

இனி இந்நீர்மம் உடலுக்குள் செய்வதைப் பார்ப்போம். இங்கேதான் சிலிம் ரிவருக்கும் மெத்தனாலுக்கும் உள்ள பழைய தொடர்பு வெளிப்படுகிறது.

மெத்தனால் தானே பெரிய நஞ்சு அன்று. குடித்தவருக்குச் சிறிது மயக்கம் தரும். எத்தனால் தருவதைவிடக் குறைவாகவே தரும். கல்லீரல் அதை நொதி ஒன்றின் துணையால் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கொல்வது இந்த அமிலம். இதைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பால் ஸ்டோரில் கித்தாப் பாலை உறையவைக்க ஊற்றிய 'ஆசிட்' இதுவே. தட்டில் ஊற்றிய வெண்ணிறப் பால், நீர் கலந்த ஆசிட் பட்டதும் இறுகித் தயிர்க்கட்டி போல் ஆவதைப் பார்த்து வளர்ந்தோர் இந்த அவையிலேயே இருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் எறும்புகளை வடித்து இதை எடுத்ததால் இலத்தீன் மொழியில் எறும்பின் பெயரையே இதற்கு இட்டனர். மலாய்க்காரர் இதனைச் 'சூக்கா கெத்தா' என்பர். கித்தாவுக்குரிய காடி என்று பொருள். அடுக்களைச் சொல்லான காடியை நஞ்சொன்றுக்கு இட்ட அந்தப் பெயரையும் நாம் கவனிக்க வேண்டும். தோட்டத் தமிழரின் 'ஆசிட்' கடன்சொல்லாயினும் அச்சத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அதைக் காடி என்று எண்ணி எவரும் நாவில் வைக்கமாட்டார்.

மெத்தனால் குடித்தவரின் குருதியில் இவ்வமிலம் சேரும்போது குருதி புளிக்கிறது. உடல் அதை ஈடுசெய்ய மூச்சை விரைவாகவும் ஆழமாகவும் வாங்குகிறது. உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நொதியை அமிலம் தடுக்கிறது. கண்ணின் பின்புறத்து நரம்பு மிகுந்த ஆற்றல் வேண்டுவது; ஆகையால் முதலில் அது வாடுகிறது. 10 மில்லி லிட்டர் தூய மெத்தனால் பார்வையைப் போக்கப் போதும். 30 மில்லி லிட்டர் உயிரைப் போக்கக்கூடும். இரண்டு மேசைக்கரண்டி என்று மாணவர்கள் மனத்தில் கொள்ளலாம்.

இந்த மாற்றத்துக்கு நேரம் தேவை. குடித்த 12 மணி முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். உடன் எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஏனெனில் கல்லீரல் நொதிக்கு எத்தனால்மீது பன்மடங்கு நாட்டம். அதை முடித்த பிறகே மெத்தனாலின் பக்கம் திரும்பும். கள்ளக்குறிச்சியில் முதலில் இறந்தோரின் துக்கத்திற்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் கூறின. படித்தவர்கள் இதை அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிட்டனர். நேற்று குடித்தவர் இன்று காலை எழுந்து நடமாடியதைக் கண்ணால் கண்டவருக்கு, சாவுக்குக் காரணம் சரக்கு என்று தோன்றாததில் வியப்பென்ன? மெத்தனால் காரணத்தையும் விளைவையும் ஒரு முழு நாள் பிரித்து வைக்கிறது. மனித அனுபவ அறிவு தடுமாறுவது அந்த இடைவெளியில்தான்.

எத்தனால்மீது நொதிக்குள்ள நாட்டத்தையே மருத்துவமும் பயன்படுத்துகிறது. நொதியை அடக்கும் ஃபோமெபிசோல் என்னும் மருந்து உலக நல நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 2013இல் சேர்க்கப்பட்டது. அது கிடைக்காத இடத்தில் அளந்து செலுத்தப்படும் எத்தனால், குருதியின் புளிப்பை முறிக்கும் மருந்து, பிறகு குருதிச் சுத்திகரிப்பு. 2018 இறுதியில் வியட்நாமின் குவாங் திரி மருத்துவமனையில் நோயாளி ஒருவருக்குப் பதினைந்து குவளைப் பீரை உடலுக்குள் செலுத்திக் காப்பாற்றினர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அது மருத்துவர் கண்காணிப்பில் குருதியை அளந்து பார்த்துச் செய்த வேலை. வீட்டில் இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுக்கச் சொல்லும் அறிவுரையாக அதை யாரும் எடுத்துச் சொல்லிவிட வேண்டாம்.

மருத்துவ நூல்கள் இந்நோயாளியின் பார்வையைப் பனி கொட்டும் வெளியைப் பார்ப்பது போன்றது என்று வருணிக்கின்றன. உறைபனியையே காணாத பேராக்குத் தமிழரிடம் செவிலியர் ஒருவர் அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? ஆண்டுதோறும் நாம் அவதிப்படும் புகைமூட்டம் இருக்கிறது. "புகைமூட்ட நாளில் தெரிவது போல வெளுப்பாகத் தெரிகிறதா?" என்று கேட்டால் சட்டென்று விளங்கும். மருத்துவத் துறையில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் செல்ல விரும்பும் மாணவர் இத்தகைய வினாக்களின் பட்டியல் ஒன்றையே தொகுக்கலாம்.

இப்போது 'கள்ளச்சாராயம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு, கள்ளத்தோணி. இவற்றில் 'கள்ள' என்ற அடை பொருளின் இயல்பைச் சொல்வதில்லை. அதற்குச் சட்டத்தோடுள்ள உறவைச் சொல்கிறது. கள்ளத்தோணியும் தோணியே, மிதக்கும். கள்ளச்சாவியும் பூட்டைத் திறக்கும். அதே தருக்கப்படி கள்ளச்சாராயமும் சாராயமே. வரி கட்டாத சாராயம், அவ்வளவுதான். கேட்பவர் மனத்தில் இச்சொல் எழுப்பும் அச்சம் காவலரைப் பற்றியது, கண்ணைப் பற்றியதன்று. இதன் விளைவு மருத்துவமனையில் தெரிகிறது. வயிற்றுவலி என்று சொல்லிப் படுக்கும் நோயாளி குடித்ததைச் சொல்லத் தயங்குகிறார். சொன்னால் தாம் குற்றத்துக்கு உடந்தை ஆகிவிடுவோம் என்பது அவர் அச்சம். மெத்தனால் நஞ்சேற்றத்தில் மருத்துவருக்கு முதலில் வேண்டியதோ அந்த ஒரு சொல்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இச்சொல் வளர்க்கிறது. 'சரியாகக் காய்ச்சத் தெரியாதவன் காய்ச்சிய சரக்கு' என்பது கூட்டச் சாவுகளுக்கு ஊரார் கூறும் விளக்கம். கள்ளையோ வெல்லத்தையோ புளிக்கவைத்துக் காய்ச்சும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிது. பழத்தோல்களைச் சேர்த்தால் சற்று மிகும். ஊர் ஊராக மக்களைச் சாய்க்கும் அளவு அதில் வராது. அத்தகைய சாவுகளுக்குக் காரணம் ஆலைக்கென்று செய்யப்பட்ட கரைப்பான் உருளையிலிருந்தே நேராக வந்து கலப்பது. அங்கே காய்ச்சியவரே இல்லை. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே இயல்பு மாற்றிய எரிசாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் அடக்கி விதிகள் வகுத்தனர். மதுவிலக்கின் காலத்தில் இம்மூன்றும் எங்கே போய்ச் சேரும் என்பதை விதி வகுத்தோர் அறிந்திருந்தனர் என்பது அத்தலைப்பிலேயே தெரிகிறது.

நம் தோட்டங்களில் இப்பேச்சுக்கு வேறு ஒரு வரலாறு உண்டு. தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் 1946, 1947 ஆண்டுகளில் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கு எதிராகவே திரண்டது. பின்னர் கள்ளின் இடத்தைச் 'சம்சு' பிடித்தது. சீன மொழியிலிருந்து வந்த அச்சொல்லின் கீழ்ச் சிறு புட்டிகளில் விற்ற மலிவான மதுவுக்கு எதிராகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்தது. இவ்வியக்கங்களின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவை தோட்டத்து மனிதனின் மானத்தை மீட்க முயன்றன. ஆயினும் அவற்றின் மொழி ஒழுக்கத்தின் மொழி. "குடிக்கக் கூடாது" என்ற தொடர் முக்கால் நூற்றாண்டாக மேடையில் ஒலித்து, குடிப்பவர் காதில் அறிவுரை என்ற அளவில் மரத்துப்போனது. திருக்குறளில் கள்ளுண்ணாமையும் சூதும் மருந்தும் அடுத்தடுத்த அதிகாரங்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். குடியை நாம் சூதின் பக்கத்தில் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். கரைப்பானைப் பற்றிய எச்சரிக்கைக்கு அந்த இடம் பொருந்தாது.

'மருந்து' என்ற சொல்லையும் இங்கே தொட்டுச் செல்வோம். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பது 'மருந்தடிப்பது'. அதைக் குடித்து உயிரை மாய்த்துக்கொண்டவரை 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்பர். நோய் தீர்ப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே சொல். சூழலால் மக்கள் பொருளைப் பிரித்தறிகின்றனர் என்பது உண்மையே. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புதிதாக வந்த தொழிலாளிக்கும் சூழல் தெரியாது. 'ஸ்பிரிட்' என்பதும் அவ்வாறே. புண்ணைத் துடைப்பதும் ஸ்பிரிட், ஆய்வக விளக்கில் எரிவதும் ஸ்பிரிட், பலகைக்கு மெருகேற்றுவதும் ஸ்பிரிட். இவற்றுள் எதில் மெத்தனால் இருக்கிறது என்பதை அச்சொல் சொல்வதே இல்லை. 'தண்ணி' என்று மதுவைக் குறிப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நீரைப் போன்ற நஞ்சுக்கு அதைவிடப் பொருந்தாத பெயர் இல்லை.

பெயரைப் போலவே புட்டியும் ஒரு குறி. பழச்சாற்றுப் புட்டியில் இருப்பது பழச்சாறு என்பதை எழுத்தறியாதவரும் படித்துவிடுவர். ஆகவே பணியிடங்களுக்குரிய விதிகளுள் மிக எளியதும் அதிகம் மீறப்படுவதும் ஒன்றே. கரைப்பானை ஒருபோதும் குடிநீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ மாற்றி ஊற்றக் கூடாது. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். மூடிய கலத்தில், தீயும் மின்பொறியும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். உருளையிலிருந்து உருளைக்கு மாற்றும்போது இரண்டையும் கம்பியால் இணைத்து நிலத்தோடு தொடர்புபடுத்த வேண்டும். ஓடும் நீர்மமே நிலைமின் பொறியை உண்டாக்கும். குழாயை வாயால் உறிஞ்சி இழுக்கக் கூடாது. தோல் வழியாகவும் அது உள்ளே செல்லும். பணியிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வகுத்துள்ள எல்லை பத்து இலட்சத்துக்கு 200 பங்கு. மணத்தை நம்பி அந்த எல்லையை அறிய முடியாது. கையுறையைப் பொறுத்தவரை உலகுக்கே கையுறை செய்து அனுப்பும் நம் நாட்டின் மரப்பால் கையுறை மெத்தனாலை நெடுநேரம் தடுக்காது. பியூட்டைல் இரப்பர் கையுறையே ஏற்றது. தீப்பிடித்தால் ஆல்கஹாலைத் தாங்கும் நுரை, உலர்தூள், கரியமிலவாயு ஆகியவை. சிறிது நீரை ஊற்றி அணைத்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. நான்கில் ஒரு பங்கு மெத்தனால் உள்ள நீர்க்கலவையும் எரியும்.

ஆசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். வண்ணச் சுடர் காட்டும் செயல்விளக்கம் உலகெங்கும் பள்ளிகளில் விருப்பமானது. உப்புகளின் மேல் மெத்தனாலை ஊற்றிக் கொளுத்திப் பச்சை, சிவப்பு, மஞ்சள் எனச் சுடர் காட்டுவர். சுடர் தணிகிறதென்று எண்ணிப் புட்டியிலிருந்து மீண்டும் ஊற்றும் கணத்தில், கண்ணுக்குத் தெரியாத தீ புட்டிக்குள் ஏறி, எதிரே இருப்போர்மீது பீறிட்டுப் பாயும். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரெனோ நகரத்து அறிவியல் அருங்காட்சியகத்திலும் டென்வர் நகரத்துப் பள்ளியிலும் பிள்ளைகள் இவ்வகை விபத்துகளில் தீக்காயமுற்றனர். அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இதற்கென எச்சரிக்கை வெளியிட்டது. வண்ணச் சுடரைக் காட்ட மெத்தனால் தேவையே இல்லை. உப்பு நீரில் ஊறிய மரக்குச்சியை வாயு விளக்கின் சுடரில் காட்டினால் போதும்.

இறுதியாக ஒட்டுத்தாளின் மொழி. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி தொழிலகங்களுக்கு வழங்கும் அபாய வேதிப்பொருள்களின் கலங்களில் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். தமிழ் அதில் கட்டாயமில்லை. மெத்தனால் கலத்தில் தீ, மண்டையோடு, பிளந்த மார்பு ஆகிய மூன்று படக்குறிகளும் 'பாஹாயா' என்ற சொல்லும் இருக்கும். வடமொழியில் அச்சத்தைக் குறிக்கும் சொல் மலாயில் பாஹாயாவாகவும் தமிழில் பயமாகவும் ஆயிற்று. மலாயில் அது வெளியே இருக்கும் ஆபத்து. தமிழில் உள்ளே எழும் உணர்வு. நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் வேதியியலைத் தமிழில் படிப்பதில்லை. ஆகவே மெத்தனாலைப் பற்றி அவர்கள் கற்பது மலாயில் நின்றுவிடுகிறது. பாட்டியிடம் எடுத்துச் சொல்லும்போது 'ஒரு மாதிரி சாராயம்' என்றே சொல்ல நேர்கிறது.

சொல்லாக்கக் குழுக்கள் மெத்தனாலுக்குத் தூய தமிழ்ப்பெயர் தேடுவதில் காலம் செலவிட வேண்டாம் என்பது நம் கருத்து. இந்த இடத்தில் அயற்பெயரே காவல். 'சாராயம்', 'மது', 'எரிசாராயம்' என்ற எதனோடும் ஒலியுறவு கொள்ளாமல் 'மெத்தனால்' தனித்து நிற்கட்டும். அதன் அருகே 'கரைப்பான்' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கட்டும். வண்ணத்தைக் கரைப்பது எதுவோ அது வயிற்றுக்குரியதன்று என்று அச்சொல் தானே உணர்த்தும்.

வினைமுற்றிலும் கவனம் வேண்டும். அனைத்துலக வாசகத்தை அப்படியே பெயர்த்தால் 'விழுங்கினால் நச்சுத்தன்மை உடையது' என்று வரும். இது தமிழன்று, எது நச்சுத்தன்மை உடையது, விழுங்கியவரா? 'அருந்தற்க' என்பது செய்யுளுக்கு அழகு. 'குடிக்கக் கூடாது' என்பது முன்னர்ச் சொன்ன மேடை அறிவுரை. 'குடித்தால் கண் போகும்' என்பதில் ஏவலும் இல்லை, அறவுரையும் இல்லை. நிபந்தனையும் விளைவும் மட்டுமே உண்டு. நாம் பரிந்துரைக்கும் வாசகம் இது: "மெத்தனால். தொழிலகக் கரைப்பான். தீப்பற்றும், பகலில் சுடர் தெரியாது. குடித்தால் கண் போகும், உயிர் போகும். குடித்தவர் நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். புட்டியையும் எடுத்துச் செல்லவும்."

இதில் 'தோன்றினாலும்' என்பதன் ஈற்றிலுள்ள உம்மையை அச்சகத்தார் இடநெருக்கடியில் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 மணி முதல் 24 மணி வரை ஒன்றும் தெரியாதிருக்கும் அந்த இடைவெளியைப் பற்றி முழு வாசகத்திலும் பேசும் உறுப்பு அது ஒன்றே.

ஆசிரியர்கள் தத்தம் பள்ளி ஆய்வகத்து 'ஸ்பிரிட்' புட்டிகளின் ஒட்டுத்தாள்களைப் படமெடுத்து வருமாறு முன்னரே கேட்டிருந்தோம். தேநீர் இடைவேளைக்குப் பின் அவற்றை வரிசையாக வைத்து, எதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது, எதில் எழுதவே இல்லை என்று சேர்ந்து பார்ப்போம்.